குறித்த நாளில் கூடும் சங்கம்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், குப்பத்திலிருந்து பலமனேர் செல்லும் சாலையில், சாந்திபுரம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அது ஆந்திர நாட்டின் எல்லைக்குள் அடங்கியதே. ஆயினும் கருநாடகத்தின் கோலார்ச் சீமை அதற்கு ஒரு புறம் அண்மையிலும், தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகள் மறுபுறம் அதிகத் தொலைவில் இல்லாமலும் அமைந்திருக்கின்றன. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும் வட்டாரம் அது. சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அத்தகைய ஊரின் இயல்பை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியும் அலுவலகத்தில் வேறொரு மொழியுமாக வாழ்வது நமக்குப் பழகிப் போன ஒன்று.

இன்று எல்லைகளாகத் தோன்றும் கோடுகள் பண்டுதொட்டு இருந்தவை அல்ல. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று சித்தூர் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்னர் அது வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்ததோடு, அம்மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்கியது. குப்பத்தைச் சூழ்ந்த கங்குந்தி ஜமீனும் வட ஆர்க்காட்டில்தான் இருந்தது. பிரிவினைக்குப் பிறகு வேலூர் வட ஆர்க்காட்டின் தலைநகராயிற்று. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ஆந்திர மாநிலம் உதித்தபோது சித்தூர் அதனைச் சேர்ந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரலில் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. மிக அண்மையில், 2022ஆம் ஆண்டு, திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆட்சியின் எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறிய போதிலும் மக்களின் நோயும் வறுமையும் அந்த எல்லைகளைப் பார்த்து நின்றதில்லை. அவற்றைப் போக்க முனைந்த தொண்டும் நின்றதில்லை.

இத்தகைய வட்டாரத்தில் ஓர் ஊர்ச் சங்கம் என்ன செய்ய முடியும்? பத்து இருபது பேர் கூடுகிறார்கள், தேநீர் அருந்துகிறார்கள், தலைவர் பேசுகிறார், செயலாளர் சென்ற கூட்டத்தின் குறிப்பை வாசிக்கிறார், கலைந்து செல்கிறார்கள். இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர் பலர். இக்கேள்வி நியாயமானதே. இதற்கு விடை தேடி வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்கும்போது நமக்கு ஓர் உண்மை புலனாகிறது. தனி மனிதரின் இரக்கம் பெரியதுதான். ஆனால் அது அலை போன்றது. எழும், பின்பு அடங்கும். குறித்த நாளில் தவறாமல் கூடும் வழக்கமே அந்த இரக்கத்தைத் தேக்கி வைத்து, வேண்டிய வயலுக்கு வேண்டிய வேளையில் பாய்ச்சும் ஏரியாக அமைகிறது.

ஏரி என்றவுடன் உத்தரமேரூர் நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகளை நம்மில் பலர் பள்ளியிலேயே அறிந்திருப்போம். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடவோலை முறையில் வாரியத்தார் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். பதவிக் காலம் ஓராண்டே. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் அமர இயலாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை உண்டு. அந்தச் சபை அந்தணர் ஊரின் சபை. நிலமும் மறைக் கல்வியும் உடைய ஆடவருக்கே அதில் இடமிருந்தது. ஆகையால் அதனை இன்றைய மக்களாட்சி என்று புகழ்வது மிகையாகும். இருப்பினும் பொதுப் பணிக்கு இன்றியமையாத இரண்டு விதிகளை அக்கற்கள் தெளிவாக உரைக்கின்றன. பதவி சுழல வேண்டும். கணக்கு வெளிப்பட வேண்டும். ஆயிரம் ஆண்டுகள் கழித்துக் கடல் கடந்து வந்த சங்கங்களும் இவ்விரு விதிகளையே தங்களுக்கு அடித்தளமாகக் கொண்டன. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நாம் சொல்லவில்லை. பலர் கூடிப் பணி செய்ய முற்படும் இடமெல்லாம் இத்தேவை தானே எழுகிறது என்பதே கருத்து.

குறித்த நாளின் வலிமைக்கு நம் வட்டாரத்திலேயே மற்றொரு சான்று உண்டு. அமெரிக்க மருத்துவத் தொண்டர் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்று 1900ஆம் ஆண்டு வேலூருக்கு வந்தார். ஒரே படுக்கை கொண்ட மருத்துவ மனையாக அவர் தொடங்கிய பணி, 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவ மனையாகவும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது. ஆனால் நோயாளிகள் எல்லோராலும் வேலூருக்கு வர இயலவில்லை. ஆகவே அம்மையார் தாமே சாலைக்குச் சென்றார். குடியாத்தம் செல்லும் சாலையில் வாரந்தோறும் குறித்த நாளில் வண்டி வரும். குறித்த மரத்தடியில் நிற்கும். அந்த நாளையும் அந்த மரத்தையும் நம்பி, சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து காத்திருப்பார்கள். மருந்து குணமாக்கியது உண்மை. ஆனால் அம்மருந்து வந்து சேரும் என்ற நம்பிக்கையை உண்டாக்கியது நாள் தவறாமைதான். ஒரு வாரம் வண்டி வராமற் போயிருந்தால், அடுத்த வாரம் மரத்தடியில் பாதிப்பேர் கூட நின்றிருக்க மாட்டார்கள்.

இனி, சங்கங்களின் கதைக்கு வருவோம். 1905ஆம் ஆண்டு இவ்வகையில் நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டு பிப்ரவரி 23ஆம் தேதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் ஓர் அலுவலக அறையில் கூடினார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்காரர். ஹாரிஸ், வெர்மான்ட் மாநிலத்து வாலிங்போர்டு என்னும் சிற்றூரில் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர். அங்கே எல்லோரும் எல்லோரையும் அறிவர். சிக்காகோவிலோ, தெரு நிறைய மனிதர். நெஞ்சு நிறையத் தனிமை. விட்டு வந்த ஊரின் நட்பைப் பெருநகரில் மீண்டும் உண்டாக்க முடியுமா என்ற ஏக்கத்திலேயே அந்தச் சங்கம் பிறந்தது. உறுப்பினரின் அலுவலகங்களில் முறை வைத்துச் சுழன்று கூடியமையால் அதற்கு ரோட்டரி என்று பெயர் வந்தது. தமிழில் அதனைச் சுழற்சங்கம் என்றும் வழங்கினர். ஊர் விட்டு ஊர் வந்த ஒருவரின் ஏக்கத்தில் பிறந்த சங்கம் அது என்பது, பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நமக்கு நெருக்கமான செய்தி அன்றோ!

தொடக்கத்தில் அது தொண்டுச் சங்கமாகவே இருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உறுப்பினர் ஒருவர்க்கொருவர் வியாபாரத்தில் உதவிக்கொள்வதே அன்றைய நோக்கங்களில் ஒன்று. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற விதியும் இருந்தது. 1906ஆம் ஆண்டு, உறுப்பினராக அழைக்கப்பட்ட டானல்டு கார்ட்டர் என்பவர், பிறருக்கு எவ்வித நன்மையும் செய்யாத சங்கம் நிலைக்காது என்று கருதித் தயங்கினார். அந்தத் தயக்கம் சங்கத்தைத் திருப்பியது. சிக்காகோவின் நடுவில் பொதுக் கழிப்பிடம் ஒன்று அமைக்க வேண்டும் என்று சங்கத்தார் முயன்றனர். மதுக்கடைக்காரர்களும் பெரிய அங்காடிக்காரர்களும் இதனை எதிர்த்தனர். தங்கள் கட்டடங்களிலேயே அவ்வசதி இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். ஆனால் அங்கே நுழைபவர் ஏதேனும் வாங்கியாக வேண்டியிருந்தது. பல நாள் முயற்சிக்குப் பின்னர்ப் பொதுக் கழிப்பிடம் அமைந்தது. உலகமெங்கும் பரவிய ஓர் இயக்கத்தின் முதற் பொதுப்பணி மண்டபமோ சிலையோ அன்று, ஏழை எளியவர் கூசாமல் நுழையக்கூடிய ஒரு கழிப்பிடம் என்பது சிந்திக்கத் தக்கது.

அதே 1905ஆம் ஆண்டு, ஜூன் 12ஆம் தேதி, பூனாவில் கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். வாழ்நாள் முழுவதையும் நாட்டுப் பணிக்கே கொடுக்க உறுதி பூண்டவர்களின் சங்கம் அது. கோகலேயின் மறைவுக்குப் பிறகு 1915இல் அதற்குத் தலைமை ஏற்றவர், தஞ்சைத் தரணியின் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார். அச்சங்கத்தைச் சேர்ந்த என். எம். ஜோஷி 1911இல் பம்பாயில் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கினார். ஆலைத் தொழிலாளருக்கு இரவுப் பள்ளிகளும் நூல் நிலையங்களும் அதனால் அமைந்தன. அலகாபாத்தில் சேவா சமிதித் தொண்டர்கள் கும்பமேளாக் கூட்டத்தில் வழி தவறியவர்களைத் தேடிச் சேர்த்தனர்.

இரண்டு சங்கங்களையும் ஒருசேர நோக்கினால் தொண்டின் இரண்டு வழிகள் விளங்கும். ஒன்று, முழு வாழ்க்கையையும் கேட்பது. அதற்கு முன்வருவோர் எக்காலத்தும் சிலரே. மற்றொன்று, வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கேட்பது; அதனைக் கடைக்காரரும் ஆசிரியரும் குமாஸ்தாவும் கொடுக்க முடியும். முன்னது பெரிய தியாகம். பின்னது சிறிய தியாகந்தான்; ஆனால் அது ஊர்தோறும் கிடைக்கக்கூடியது. சாந்திபுரம் போன்ற ஊர்களுக்கு இந்தப் பின்னதே பெரும்பாலும் கைக்கு எட்டுவது.

இந்தியாவில் ரோட்டரியின் முதற் சங்கம் 1920இல் கல்கத்தாவில் அமைந்தது. சென்னையில் 1929இல் தோன்றியது. அக்காலத்தில் ஐரோப்பியர் கூடும் விடுதிகள் பலவற்றில் இந்தியருக்கு நுழைவில்லை. வெள்ளையரும் இந்தியரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே கூட்டத்தில் விவாதித்த இடங்கள் அரியனவாக இருந்த நாளில், இத்தகைய சங்கங்கள் அவற்றுள் ஒன்றாயின. கல்கத்தாவைச் சேர்ந்த நிதிஷ் லாகரி 1962-63ஆம் ஆண்டுக்கு உலக ரோட்டரியின் தலைவரானார். அப்பதவியை அடைந்த முதல் ஆசியர் அவரே. மற்றொரு பேரியக்கமாகிய லயன்ஸ், தமிழில் அரிமா சங்கம், 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் அமெரிக்காவில் தோன்றியது. 1925ஆம் ஆண்டு அதன் மாநாட்டுக்குப் பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் அம்மையார் வந்து, பார்வையற்றோர்க்குத் துணை நிற்குமாறு வேண்டிக்கொண்டார். அன்று முதல் கண் தொடர்பான பணி அச்சங்கத்தின் தலையாய பணியாயிற்று. 1956இல் பம்பாயில் அது இந்தியாவில் காலூன்றியது.

இச்சங்கங்களின் கூட்ட முறையையும் சற்றே காண்போம். சிலருக்கு அது வெறும் சடங்காகத் தோன்றும். கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்கும். வராதவர் பெயர் பதிவாகும். வெளியூர் சென்ற உறுப்பினர், அவ்வூர்ச் சங்கத்தின் கூட்டத்திற்குச் சென்று தம் வருகையை ஈடு செய்துகொள்ளும் வழக்கமும் ரோட்டரியில் உண்டு. சென்ற கூட்டத்தில் ஏற்றுக்கொண்ட பணி என்னவாயிற்று என்று இந்தக் கூட்டத்தில் கேட்கப்படும். பொருளாளர் கணக்குச் சொல்வார். ஆண்டுதோறும் ஜூலை முதல் தேதி தலைவர் மாறுவார். நேற்றுத் தலைவராக இருந்தவர் இன்று பந்தியில் இலை போடுவார். ஒருவரே பன்னிரண்டு ஆண்டு தலைவராக வீற்றிருந்து, அவர் தளர்ந்ததும் சங்கமும் தளர்ந்து போன கதைகளை நாம் எத்தனையோ ஊர்களில் கண்டிருக்கிறோம். பதவி சுழலும் சங்கத்தில் பணி ஒருவரோடு பிறந்து ஒருவரோடு மறைவதில்லை. குறிப்பேடு அதனை அடுத்தவர் கையில் ஒப்படைக்கிறது.

இவ்வொழுங்கு எவ்வாறு பயன் தருகிறது என்பதற்குக் கண் சிகிச்சை முகாம் நல்ல எடுத்துக்காட்டு. 1976ஆம் ஆண்டு, அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவ மனையைத் தொடங்கினார். முடக்கு வாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண்புரை அறுவை செய்யத் தம்மைப் பழக்கிக்கொண்ட பெருமகனார் அவர். சிற்றூர்களில் முகாம் நடத்துவதை அம்மருத்துவ மனை தன் முறையாகவே ஆக்கிக்கொண்டது. அதில் வேலை இரண்டாகப் பிரியும். மருத்துவரும் கருவியும் அறுவையும் மருத்துவ மனையின் பொறுப்பு. இடம் பார்ப்பதும், ஊர் ஊராகச் செய்தி அறிவிப்பதும், வருவோரை வரிசைப்படுத்துவதும், உணவளிப்பதும் ஊர்ச் சங்கத்தின் பொறுப்பு. ரோட்டரி, அரிமா சங்கங்களும், கோயில் நிர்வாகங்களும், ஆலைகளும், பள்ளிகளும் இவ்வாறு பொறுப்பேற்றன. முற்காலத்தில் பள்ளிக் கட்டடத்திலேயே அறுவை நடந்தது. பின்னர் அது பாதுகாப்பன்று என்று கண்டு, முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, அறுவை வேண்டியவரை மருத்துவ மனைக்கே அழைத்துச் சென்று திரும்பக் கொண்டு வந்து விடும் முறை வந்தது. 1992இல் அரிமா இயக்கத்தின் உதவியோடு, பிற மருத்துவ மனைகளுக்கும் இம்முறையைப் பயிற்றும் நிலையம் மதுரையில் அமைந்தது. 2019இல் திருப்பதியிலும் அரவிந்த் மருத்துவ மனை திறக்கப்பட்டது.

இங்கே நாம் நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தென்னாட்டுச் சிற்றூர்களில் நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியாயிற்று. கண் குறையுடையவர்களுள் முகாமுக்கு வந்தவர் நூற்றுக்கு ஏழு பேர் அளவே என்று அது கண்டது. இலவச முகாம், இலவச அறுவை, ஆனாலும் வரவில்லை. ஏன்? அறுவை என்றால் அச்சம். பயணத்துக்கும் உணவுக்கும் கையில் காசில்லை. வீட்டையும் பேரக் குழந்தையையும் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. முதியவரின் கண் மங்குவது இயல்புதானே என்ற எண்ணம் வேறு. சுவரில் ஒட்டிய விளம்பரம் இந்தத் தடைகளை நீக்க இயலாது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்து, திண்ணையில் அமர்ந்து, பாட்டி, நான் கூட வருகிறேன் என்று சொன்னால்தான் நீங்கும். சென்ற முறை அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் இன்னும் எளிதில் நீங்கும். மருத்துவரால் செய்ய முடியாததும் ஊர்ச் சங்கத்தால் மட்டுமே செய்ய முடிவதும் இந்தத் திண்ணைப் பேச்சுத்தான். அதற்குச் சாந்திபுரத்தில் தெலுங்கு வேண்டியிருக்கலாம். சில வீடுகளில் தமிழும் சில வீடுகளில் கன்னடமும் வேண்டியிருக்கலாம். எல்லையூர்ச் சங்கத்தில் மும்மொழி பேசும் உறுப்பினர் இருப்பது அப்போது அணியன்று, கருவி.

இனி, இக்கட்டுரையின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். அதுவும் நம் பழைய வட ஆர்க்காட்டுச் சீமையில் நிகழ்ந்ததே. இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ நோய் ஒரு காலத்தில் வீடுதோறும் அச்சம் விளைத்தது. நேற்று ஓடிய குழந்தை இன்று காய்ச்சலில் விழும். எழும்போது கால் சூம்பியிருக்கும். வாய்வழியாகக் கொடுக்கும் சொட்டு மருந்து வந்த பின்னரும் நம் நாட்டில் அது முழுப் பயன் தரவில்லை. மேல் நாட்டில் மூன்று தவணை போதுமானதாக இருந்தது. இங்கே மூன்று தவணை பெற்ற குழந்தைகளுள்ளும் பலருக்குப் பாதுகாப்பு உண்டாகவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிர் ஆய்வாளர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் இதனைத் தம் ஆய்வுகளால் கண்டறிந்தார். மேலும் பல தவணை வேண்டும் என்பது அவர் கண்ட ஒன்று. ஒவ்வொரு குழந்தையும் வெவ்வேறு நாளில் மருந்து பெறுவதை விட, ஊரிலுள்ள குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தால் நோய்க் கிருமி ஒதுங்க இடமின்றி ஒழியும் என்பது மற்றொன்று.

கருத்து சரி. ஆனால் ஓர் ஊரிலுள்ள குழந்தைகளையெல்லாம் ஒரே நாளில் எப்படி அழைத்து வருவது? ஆய்வுக் கூடம் எத்துணைச் சிறந்ததாயினும் அதற்கு அவ்வளவு கைகள் இல்லை. 1980களின் தொடக்கத்தில் வேலூரில் இம்முயற்சி நடந்தபோது, மருத்துவக் கல்லூரியின் அறிவுக்கு வேலூர் ரோட்டரி சங்கத்தாரின் கைகள் துணை நின்றன. நாள் குறிக்கப்பட்டது. அந்நாளில் குழந்தைகள் கூட்டங்கூட்டமாக மருந்து பெற்றார்கள். சில வார இடைவெளியில் மீண்டும் பெற்றார்கள். வேலூரில் இளம்பிள்ளை வாதம் பெரிதும் அடங்கியது. இம்முயற்சியின் விவரம் 1983இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. நாள் குறித்துக் கூடும் வழக்கத்தில் ஊறிய சங்கத்தாருக்கு, ஊரையே ஒரு நாளில் கூட்டும் பணி இயல்பாகப் பொருந்தியதில் வியப்பில்லை.

பிறகு நடந்ததை நாடறியும். 1985இல் உலக ரோட்டரி இயக்கம் போலியோவை ஒழிக்கும் பெருந்திட்டத்தை மேற்கொண்டது. 1988இல் உலக சுகாதாரப் பேரவையும் அதனையே தன் குறிக்கோளாக ஏற்றது. அவ்வாண்டில் உலகில் ஏறத்தாழ 3,50,000 குழந்தைகள் அந்நோயால் முடங்கியதாகக் கணக்கு. 1994ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளன்று தில்லியில் ஒரே நாளில் சொட்டு மருந்து அளிக்கும் பணி நடந்தது. 1995 டிசம்பரில் நாடு முழுவதும் பரவியது. சிறிய ஊரொன்றில் சோதித்துக் கண்ட முறை நாட்டின் முறையாயிற்று. பள்ளியிலும் கோயில் வாசலிலும் மேசை போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் மருந்தை வைத்துக்கொண்டு, இடக்கைச் சுண்டுவிரலில் மை வைத்த தொண்டர்களை நம்மில் நினைவில்லாதவர் யார்?

நம் போன்றோர்க்கு இதில் தனிச் சிறப்பான செய்தி ஒன்று உண்டு. மருந்து எட்டாமல் தவறிய குழந்தைகளுள் பலர் இடம் பெயர்ந்து வாழ்வோரின் குழந்தைகள். செங்கற் சூளையிலும் கட்டட வேலையிலும் பெற்றோர் இருக்க, எந்த ஊரின் பட்டியலிலும் அவர்கள் பெயர் இருக்கவில்லை. ஆகவே இரயில் நிலையங்களிலும் பேருந்து நிலையங்களிலும், ஓடும் இரயில்களிலுங்கூடத் தொண்டர்கள் மருந்து அளித்தனர். 2009இல் நாட்டில் 741 பேருக்கு இருந்த நோய், 2010இல் 42ஆகக் குறைந்து, 2011இல் ஒன்றே ஒன்றாயிற்று. அவ்வாண்டு ஜனவரி 13ஆம் தேதி மேற்கு வங்கத்து ஹௌராவில் நோயுற்ற குழந்தையே இந்தியாவில் காட்டுக் கிருமியால் தாக்குண்ட கடைசிக் குழந்தை. 2014ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது.

இதன் பெருமை சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று. அரசாங்கமும், செவிலியரும், வெயிலில் வீடு வீடாக நடந்த அங்கன்வாடிப் பணியாளரும் இதன் பெரும் பங்காளர். ஆனால் இரண்டு விரற்கடை மருந்துக் குப்பிக்கும் ஒரு குழந்தையின் நாவுக்கும் இடையே உள்ள கடைசி நூறு அடியைக் கடக்க, ஊரறிந்த முகம் வேண்டியிருந்தது. அந்த முகத்தை அளித்தவர்களுள் ஊர்ச் சங்கத்தாரும் உண்டு.

குறைகளையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. நெடுங்காலம் இச்சங்கங்களில் பெண்களுக்கு இடமில்லை. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின்னர், 1989இல்தான் ரோட்டரி உலகெங்கும் மகளிரை உறுப்பினராக ஏற்றது. தாய்மாரின் திண்ணையில் அமர்ந்து பேச வேண்டிய சங்கம், எண்பதாண்டுகளுக்கு மேல் தாய்மாரையே வெளியில் நிறுத்தியது எவ்வளவு பெரிய முரண்! மேலும், சந்தாவும் விருந்துச் செலவும் எளியவரைத் தள்ளி நிறுத்தும். சில ஊர்களில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்களின் கூடமாகவே சங்கம் சுருங்கிப் போனதுண்டு. நான்கு தையல் இயந்திரம் கொடுத்துவிட்டு நாற்பது பேர் புகைப்படத்தில் நிற்பதும், பொன்னாடைக்குச் செலவான தொகை உதவிக்குச் செலவான தொகையை எட்டிப் பிடிப்பதும் நாம் காணாதன அல்ல. இவற்றுக்கு மருந்து வெளியில் இல்லை. கணக்கு வெளிப்பட வேண்டும் என்ற உத்தரமேரூர்க் கல்லின் விதியே மருந்து. ஒவ்வோராண்டு முடிவிலும் எத்தனை கூட்டம் நடந்தது என்று மட்டும் எழுதாமல், அக்கூட்டங்களால் எத்தனை பேரின் இடர் தீர்ந்தது என்றும் எழுதும் சங்கம் வழி தவறாது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கும் சங்கங்கள் உண்டு. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இலும் தோன்றின. மொழியையும் கலையையும் பேணுவது அவற்றின் கடமை. அதில் குறை காண்பார் இல்லை. ஆயினும் பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் கூடிக் கலைவதோடு நம் சங்கங்கள் நின்றுவிடலாகுமா? பம்பாய் மாதுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. தென்னாட்டிலிருந்து வந்தோரின் குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று தொடங்கிய அம்முயற்சி, நாளடைவில் எல்லா மொழியினரும் பயிலும் பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் விரிந்தது. தம்மவர்க்கென்று தொடங்கியது ஊரவர்க்கென்று வளர்ந்தது. குடியேறிய ஊரில் நம்மை அந்நியர் என்று எவரும் எண்ணாதிருக்க அதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

நாம் செய்யத் தக்கது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நம் சங்கம் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். அந்நாளில் மருத்துவ மனைக்குத் துணையின்றி வரும் முதியவருக்கு வழி காட்டலாம். அவ்வூர் மொழி அறியாது திகைக்கும் நம் நாட்டுத் தொழிலாளிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். கட்டட வேலை நடக்கும் இடத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து முறையாகக் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். எதைச் செய்தாலும் அந்த நாளைத் தவறவிடாமல் செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு வேறொருவர் தலைமை ஏற்க வேண்டும். கணக்கும் குறிப்பேடும் அவர் கைக்குச் சென்று சேர வேண்டும்.

சாந்திபுரத்தின் வழியே மூன்று நாட்டு மக்களும் போகிறார்கள், வருகிறார்கள். அங்கே பிறந்து பெங்களூரில் உழைப்பவரும் உண்டு. வேறெங்கோ பிறந்து அங்கே கடை வைத்திருப்பவரும் உண்டு. அத்தகைய ஊரில் ஒரு மாலை நேரம், பள்ளிக்கூட அறை ஒன்றில், பத்துப் பேர் கூடி, சென்ற முகாமில் பெயர் எழுதிக்கொண்டு போன கிழவி அறுவைக்கு வந்தாளா, வரவில்லையானால் நாளைக் காலை அவள் வீட்டுக்குப் போகிறவர் யார் என்று தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்களேயானால், அக்கூட்டம் வீண் கூட்டமன்று. அன்று குடியாத்தம் சாலை மரத்தடியில் வந்து நின்ற வண்டியைப் போலவே, அதனையும் நம்பி ஒருவர் எங்கோ காத்திருக்கிறார்.